டெட்ரிஸின் கடைசி லெவல்

டெட்ரிஸ் ஆட்டத்தில் ஜெயிப்பது என்று ஒன்று கிடையாது. ஏழு வடிவக் கட்டைகள் மேலிருந்து ஒவ்வொன்றாக விழுகின்றன. ஆடுபவர் அவற்றை இடம் வலமாக நகர்த்தி, திருப்பி, ஓட்டை விழாமல் அடுக்க வேண்டும். ஒரு வரிசை முழுக்க நிரம்பினால் அது மறைந்துவிடும். நேரம் போகப் போகக் கட்டைகள் விழும் வேகம் கூடும். அடுக்கு உச்சியைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. ஆக, எல்லா ஆட்டமும் தோல்வியில்தான் முடியும். அதை எவ்வளவு நேரம் தள்ளிப்போட்டார், அதற்குள் எத்தனை புள்ளி எடுத்தார் என்பதுதான் கணக்கு. இந்த நியதி 2023 டிசம்பர் 21 அன்று முதல் முறையாகப் பிசகியது. அமெரிக்காவின் ஆக்லஹோமா மாநிலத்தைச் சேர்ந்த 13 வயது வில்லிஸ் கிப்சன், நின்டெண்டோவின் 1989-ஆம் ஆண்டுப் பதிப்பில் 157-ஆம் லெவலை எட்டி ஒரு வரிசையை நிரப்பினார். ஆட்டம் அப்படியே உறைந்து நின்றுவிட்டது. 34 ஆண்டுகளில் அந்தப் பதிப்பை அந்த நிலைக்குக் கொண்டுபோன முதல் மனிதர் அவர்.

அலெக்சேய் பஜித்னோவ் மாஸ்கோவில் சோவியத் அறிவியல் கழகத்தின் கணிப்பு மையத்தில் பணியாற்றியவர். 1984-ல் எலக்ட்ரோனிகா 60 என்ற கணினியில் டெட்ரிஸை எழுதினார். அதில் படம் வரையும் வசதி இல்லை, எழுத்துகள் மட்டுமே தெரியும். ஆகவே முதல் டெட்ரிஸின் கட்டைகள் சதுர அடைப்புக்குறிகளால் ஆனவை. ஐந்து சதுரங்களை ஒட்டி அமையும் துண்டுகளைப் பெட்டிக்குள் பொருத்தும் பென்டோமினோ புதிர்தான் மூலக்கரு. அந்த வடிவங்கள் எண்ணிக்கையில் மிகுதி என்பதால் அவர் நான்கு சதுரங்களுக்கு இறங்கினார். ஏழு வடிவங்கள் கிடைத்தன. இதன் உரிமைக்காகச் சோவியத் அரசு நிறுவனத்தோடு மேற்கத்திய, ஜப்பானிய நிறுவனங்கள் நடத்திய இழுபறி தனிக் கதை. அது ஓய்ந்த பிறகு 1989-ல் கையடக்க கேம் பாயிலும், டிவியில் பொருத்தி ஆடும் நின்டெண்டோ என்டர்டெயின்மென்ட் சிஸ்டம் என்ற பெட்டியிலும் டெட்ரிஸ் வந்தது. தொண்ணூறுகளில் தமிழ்நாட்டுத் திருவிழாக் கடைகளில் விற்ற ‘பிரிக் கேம்’ இதே ஆட்டத்தின் மலிவு நகல். ஆனால் உலகப் போட்டிகள் நடப்பது டிவிப் பெட்டியின் பதிப்பில்தான்.

அந்தப் பதிப்பு எங்கே, எப்படி முடிகிறது என்பதைப் புரிந்துகொள்ள அதன் நேரக் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெட்டி விநாடிக்கு ஏறக்குறைய 60 படங்களைத் திரைக்கு அனுப்புகிறது. ஒரு படம் ஒரு ஃபிரேம். ஆட்டத்தில் நடக்கும் எல்லாமே ஃபிரேம் கணக்கில்தான் நடக்கும். பூஜ்ய லெவலில் கட்டை ஒரு வரிசை இறங்க 48 ஃபிரேம் ஆகும். 20 வரிசை உயரத்தைக் கடந்து தரையைத் தொட 16 விநாடி. ஒன்பதாம் லெவலில் வரிசைக்கு 6 ஃபிரேம், பதினெட்டில் 3, பத்தொன்பதிலிருந்து 2. அதன் பிறகு பத்து லெவல்களுக்கு வேகம் மாறுவதில்லை. 29-ஆம் லெவலில் வரிசைக்கு ஒரே ஃபிரேம் என்றாகிறது. மேலே தோன்றிய கட்டை மூன்றில் ஒரு விநாடியில் தரையில் கிடக்கும். அடுக்கு சற்று உயர்ந்திருந்தால் அந்த நேரமும் கிடைக்காது.

வேகம் மட்டும் இருந்தால் பழக்கத்தில் சமாளித்துவிடலாம். சிக்கல் பொத்தானில் இருக்கிறது. கன்ட்ரோலரின் திசைப் பொத்தானை அழுத்தினால் கட்டை உடனே ஒரு கட்டம் நகரும். அழுத்தியபடியே வைத்திருந்தால் 16 ஃபிரேம் காத்திருந்து அடுத்த கட்டம் நகரும். பிறகு 6 ஃபிரேமுக்கு ஒரு கட்டம். அதாவது எவ்வளவு அழுத்தினாலும் விநாடிக்கு பத்து கட்டம்தான் உச்சம். தவறுதலாக விரல் பட்டுக் கட்டை ஓடிவிடக் கூடாது என்பதற்காகப் பல ஆட்டங்களிலும் வைக்கும் ஏற்பாடுதான் இது. 29-ஆம் லெவலில் இதுவே கழுத்தை நெரிக்கிறது. பொத்தானை முன்கூட்டியே அழுத்தி வைத்திருந்தாலும் கட்டை தரைக்கு வருமுன் மூன்று நான்கு கட்டங்களுக்கு மேல் நகராது. பத்துக் கட்ட அகலத் திரையின் நடுவில் தோன்றும் கட்டை ஓரத்தைத் தொட ஐந்து கட்டம்கூடத் தேவைப்படும். ஓரங்கள் காலியாகக் கிடக்க, நடுவில் கோபுரம் எழும்பி ஆட்டம் முடியும். ஆட்டக்காரர்கள் 29-ஆம் லெவலுக்கு ‘கில் ஸ்கிரீன்’ என்று பெயர் வைத்தது இதனால்தான். நிரலில் அங்கே முடிவு என்று எதுவும் எழுதப்படவில்லை. விழும் வேகமும் விரல் வேகமும் பொருந்தாமல் போனதில் தற்செயலாக எழுந்த சுவர் அது.

தற்செயலான அந்தச் சுவர்தான் ஆட்டத்துக்கு உயிர் கொடுத்தது என்று சொல்லலாம். போட்டியாளர்கள் 18-ஆம் லெவலில் தொடங்குவார்கள். 130 வரிசை அழிந்ததும் 19, பிறகு பத்து வரிசைக்கு ஒரு லெவல். 230-ஆவது வரிசையில் 29 வந்து நிற்கும். ஆக, கையில் இருப்பது 230 வரிசைகள். அதற்குள் எடுப்பதுதான் புள்ளி. ஒற்றை வரிசைக்கு அடிப்படைப் புள்ளி 40, நீளக் கட்டையை நட்டு நான்கு வரிசைகளை ஒரே அடியில் அழித்தால் 1,200. இதை லெவல் எண்ணோடு ஒன்று கூட்டிப் பெருக்க வேண்டும். 18-ஆம் லெவலில் நான்கு வரிசை அடி ஒன்றுக்கு 22,800. பயந்து ஒவ்வொரு வரிசையாக அழிப்பவர் 230 வரிசையையும் வீணாக்கிவிடுவார். ஓரத்தில் ஒரு பத்தியைத் திறந்துவைத்து நீளக் கட்டைக்காகக் காத்திருப்பவருக்குப் புள்ளி கொட்டும், வராவிட்டால் அடுக்கு தலைக்கு மேல் போகும். இந்தப் பேராசைக்கும் பயத்துக்கும் இடையிலான ஆட்டத்தைத்தான் 2010-ல் தொடங்கிய கிளாசிக் டெட்ரிஸ் உலகச் சாம்பியன்ஷிப் மேடையேற்றியது. திரையில் காட்டும் உச்ச எண்ணான 9,99,999-ஐத் தொடுவதே நீண்ட காலம் சாதனையாக இருந்தது. ஜோனஸ் நியூபாவர் அந்தச் சாம்பியன்ஷிப்பை ஏழு முறை வென்றார். பொத்தானை அழுத்திப் பிடித்து ஆடும் பழைய பாணியின் உச்சம் அவருடைய ஆட்டம்.

சுவரில் முதல் விரிசல் விழுந்தது 2011-ல். 1990-ஆம் ஆண்டின் நின்டெண்டோ உலகப் போட்டியில் வென்ற தோர் ஆக்கர்லண்ட் 30-ஆம் லெவலைத் தொட்டுக் காட்டினார். பொத்தானைப் பிடித்துக்கொண்டிருக்காமல், கை நரம்பை இறுக்கி விரலை நடுங்கவிட்டுத் தட்டுவது அவருடைய முறை. ஒவ்வொரு தட்டும் புதிய அழுத்தம் என்பதால் 16 ஃபிரேம் காத்திருப்பு கிடையாது. விநாடிக்கு பத்து என்ற உச்சவரம்பும் கிடையாது. இதற்கு ‘ஹைப்பர்டேப்பிங்’ என்று பெயர். எல்லாராலும் செய்ய முடியாது, கையும் சீக்கிரம் ஓய்ந்துவிடும். ஆனாலும் 2018 சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில் 16 வயது ஜோசப் செய்லி இந்த முறையில் ஆடி நியூபாவரைத் தோற்கடித்தபோது, பழைய பாணியின் காலம் முடிந்தது தெரிந்துவிட்டது. அந்த ஆட்டத்தின் காணொளியைப் பார்த்துத்தான் பள்ளிப் பிள்ளைகளின் ஒரு புதுத் தலைமுறை, தாங்கள் பிறப்பதற்கு வெகுமுன்பே கடைகளிலிருந்து மறைந்துபோன பெட்டிகளைத் தேடி வாங்கத் தொடங்கியது.

அடுத்த மாற்றம் இன்னும் வினோதமானது. 2020-ஐ ஒட்டி, சீஸ் என்ற பெயரில் ஆடும் ஒருவர் பொத்தானைத் தட்டுவதையே விட்டுவிட்டார். ஒரு கையின் கட்டைவிரலைத் திசைப் பொத்தானின் மேல் பட்டும் படாமல் வைத்துக்கொண்டு, மறு கையின் விரல்களால் கன்ட்ரோலரின் முதுகில் தாளம் போடுவது அவருடைய வழி. ஒவ்வொரு விரலும் முதுகைத் தட்டும்போது கன்ட்ரோலரே எழும்பி வந்து கட்டைவிரலில் அழுந்தும். தவில்காரர் விரல்களை அடுத்தடுத்து விழவிடுவதைப் போல நான்கைந்து விரல்கள் வரிசையாக விழும்போது தட்டுகள் விநாடிக்கு 20-ஐயும் தாண்டுகின்றன. ஒரே தசையை நடுங்கவைக்கும் வேலை இல்லாததால் கை களைப்பதும் குறைவு. ஒரு தட்டுக்கு அழுத்த ஒரு ஃபிரேம், விட ஒரு ஃபிரேம் வேண்டும். எனவே இயந்திரம் ஏற்கும் உச்சமே விநாடிக்கு 30தான். மனித விரல் அந்த எல்லையின் பக்கத்திலேயே வந்து நின்றுவிட்டது. ‘ரோலிங்’ என்ற இந்த முறை பரவியதும் 29-ஆம் லெவல் சுவராக இல்லாமல் போனது. 29-க்குப் பிறகு வேகம் கூடுவதே இல்லை என்பதால், அங்கே ஆடத் தெரிந்தவர் 60-லும் 100-லும் ஆடலாம்.

கை தடையாக இல்லாவிட்டால் இந்த ஆட்டத்தை முடிவே இல்லாமல் ஆட முடியுமா? கணிதம் முடியாது என்கிறது. ‘எஸ்’ போலவும் ‘இசட்’ போலவும் வளைந்த இரண்டு கட்டைகள் மாறி மாறி வந்துகொண்டே இருந்தால், எவ்வளவு திறமையாக அடுக்கினாலும் ஓட்டைகள் சேர்ந்துகொண்டே போகும். அப்படி வந்தால் 70,000 கட்டைகளுக்குள் ஆட்டம் முடிந்தே தீரும் என்று ஹைடி பர்ஜியல் 1997-ல் நிறுவினார். கட்டைகள் முற்றிலும் தற்செயலாக வருமானால், முடிவில்லாத ஆட்டத்தில் அந்தத் தீய வரிசையும் என்றாவது வந்தே ஆகும். இது கோட்பாட்டளவிலான தோல்வி. எந்த மனிதரும் அதைச் சந்திக்கும் அளவுக்கு ஆடப்போவதில்லை. அடுத்து வரும் எல்லாக் கட்டைகளையும் முன்பே சொல்லிவிட்டால் எளிதாகிவிடுமா என்ற கேள்விக்கும் விடை சாதகமாக இல்லை. 2002-ல் எரிக் டிமெய்ன், சூசன் ஹோஹன்பெர்கர், டேவிட் லிபன்-நோவெல் மூவரும், வரிசை முழுதும் தெரிந்த நிலையிலும் மிகச் சிறந்த அடுக்கைக் கண்டுபிடிப்பது கணினியியலில் மிகக் கடினமான கணக்குகளின் வகையைச் சேர்ந்தது என்று காட்டினர். பலகை பெரிதாகப் பெரிதாக அதைத் தீர்க்கத் தேவைப்படும் நேரம் கட்டுக்கடங்காமல் பெருகும் என்றே கருதப்படுகிறது.

நடைமுறையில் ஆட்டக்காரர்களை வாட்டுவது நீளக் கட்டையின் பஞ்சம். இந்தப் பதிப்பில் நிரல் முதலில் எட்டு எண்களில் ஒன்றை எடுக்கிறது. அது எந்தக் கட்டையையும் குறிக்காத எட்டாவது எண்ணாகவோ, சற்றுமுன் வந்த கட்டையாகவோ இருந்தால், இன்னொரு முறை ஏழில் ஒன்றை எடுத்து அதையே வைத்துக்கொள்கிறது. இதனால் ஒரே கட்டை உடனே மறுபடி வருவது குறையும், அவ்வளவுதான். எந்தக் கட்டையும் எவ்வளவு நேரமும் வராமல் இருக்கலாம். 13 கட்டைகள் வரை நீளக் கட்டை வராவிட்டால் பஞ்சம் என்று கணக்கு. ஏழில் ஒன்று என்ற வாய்ப்பை வைத்துப் பார்த்தால் அடுத்த 13 கட்டைகளிலும் அது இல்லாமல் போக ஏறக்குறைய 13 சதவீத வாய்ப்பு உண்டு. அதாவது பஞ்சம் அபூர்வமல்ல. இன்றைய டெட்ரிஸ் பதிப்புகள் ஏழு கட்டைகளையும் ஒரு பைக்குள் போட்டுக் குலுக்கி ஒவ்வொன்றாக எடுத்துத் தீர்த்த பிறகே அடுத்த பையைத் திறக்கின்றன. அதில் பஞ்சத்துக்கு இடமில்லை, எஸ்-இசட் சாபத்துக்கும் இடமில்லை. நியாயம் என்று பார்த்தால் புதிய முறைதான் மேல். விறுவிறுப்பு என்று பார்த்தால் பழையதை அது நெருங்கவில்லை.

மூன்றில் ஒரு விநாடிக்குள் ஒரு கட்டையை எங்கே வைப்பது என்று மூளை எப்படி முடிவெடுக்கிறது? முடிவு அந்த நேரத்தில் எடுக்கப்படுவதே இல்லை. அடுத்த கட்டை எது என்பதைத் திரை ஓரத்தில் காட்டுவார்கள். முந்தைய கட்டை விழும்போதே இதற்கான இடம் தீர்மானமாகிவிடும். கலிபோர்னியாவின் ஆய்வாளர்கள் டேவிட் கிர்ஷும் பால் மாக்லியோவும் 1994-ல் வேறொன்றைக் கண்டார்கள். ஆடுபவர்கள் கட்டையைத் தேவைக்கு மேல் திருப்புகிறார்கள். மனத்துக்குள் திருப்பிப் பார்ப்பதைவிடப் பொத்தானை அழுத்தித் திரையில் திருப்பிப் பார்ப்பது விரைவானது என்பதே காரணம். யோசனையின் ஒரு பகுதியைக் கை செய்துவிடுகிறது. அதற்கு முன்பு, 1992-ல் ரிச்சர்ட் ஹையர் குழுவினர் சில வாரங்கள் நாள்தோறும் டெட்ரிஸ் ஆடியவர்களின் மூளையைப் படமெடுத்தபோது, திறமை கூடக் கூட மூளை எரிக்கும் குளுக்கோஸ் குறைந்திருந்தது. தேர்ந்தவரின் மூளை அதிகம் உழைக்கவில்லை, சிக்கனமாக உழைத்தது. இவற்றையெல்லாம்விட வியப்பானது ராபர்ட் ஸ்டிக்கோல்டின் 2000-ஆம் ஆண்டு ஆய்வு. புதிய நினைவுகளைச் சேமிக்க முடியாத ஐந்து மறதி நோயாளிகளை அவர் டெட்ரிஸ் ஆடச் செய்தார். ஆடியதே அவர்களுக்கு நினைவில்லை. ஆனால் தூக்கம் கண்ணைச் சொக்கும் நேரத்தில் கட்டைகள் விழுந்து திரும்புவதைக் கண்டதாக அவர்களில் மூவர் சொன்னார்கள்.

கையும் மூளையும் ஒத்துழைத்த பிறகு மிஞ்சிய ஒரே எல்லை நிரல். அதை எழுதியவர்கள் 30-ஆம் லெவலைத் தாண்டி யாரும் வருவார்கள் என்று எண்ணியிருக்கக் காரணமில்லை; அதற்கு மேல் சோதித்துப் பார்த்ததற்கான அடையாளமும் நிரலில் இல்லை. முதல் கோளாறு 138-ஆம் லெவலில், நிறத்தில் தெரியும். கட்டைகளுக்குப் பத்து நிறத் தொகுதிகள் உண்டு, லெவல் எண்ணின் கடைசி இலக்கமே நிறத்தைத் தீர்மானிக்கும். அந்த இலக்கத்தைக் கண்டுபிடிக்க நிரல் லெவல் எண்ணிலிருந்து பத்து பத்தாகக் கழிக்கிறது. எண் பத்துக்குக் குறைவாகிவிட்டதா என்று ஒவ்வொரு முறையும் பத்தைக் கழித்துப் பார்த்து, விடை எதிர்மறையாக இருந்தால் நிறுத்திக்கொள்கிறது. 138-இலிருந்து பத்தைக் கழித்தால் 128. எட்டு பிட் செயலிக்கு 128 முதல் 255 வரையான எண்கள் எதிர்மறை எண்களாகவும் தோற்றமளிக்கும். ஆகவே ‘138 பத்தைவிடச் சிறியது’ என்று முடிவுகட்டி, பத்து வரிகளே உள்ள நிறப் பட்டியலில் 138-ஆவது வரியைப் படிக்கப் போகிறது. அங்கே இருப்பது நிறமே அல்ல, நிரலின் வேறு ஏதோ பகுதி. அதை நிறமாகக் காட்டும்போது விசித்திரமான கலவைகள் வருகின்றன. 146-ஆம் லெவலும் 148-ஆம் லெவலும் ஏறக்குறைய இருட்டு. கறுப்புத் திரையில் கண்ணுக்குப் புலப்படாத கட்டைகளைத் தட்டுத் தடுமாறி அடுக்க வேண்டும். ஆட்டக்காரர்கள் அவற்றை ‘டஸ்க்’, ‘சார்கோல்’ என்று அழைக்கிறார்கள். திட்டமிட்டு வடிவமைத்திருந்தால்கூட இவ்வளவு பொல்லாத சோதனையை யாரும் வைத்திருக்க மாட்டார்கள்.

இரண்டாவது கோளாறுதான் ஆட்டத்தை உறையவைப்பது. அதன் வேர் புள்ளிக் கணக்கில் இருக்கிறது. இந்தப் பெட்டியின் செயலிக்குப் பெருக்கத் தெரியாது. பெருக்கல் வேண்டுமானால் திரும்பத் திரும்பக் கூட்ட வேண்டும். ஒற்றை வரிசைக்கு 40 புள்ளி என்றால், 155-ஆம் லெவலில் 40-ஐ 156 முறை கூட்டுகிறது. புள்ளி பதின்ம இலக்கங்களாகச் சேமிக்கப்படுவதால் ஒவ்வொரு கூட்டலுக்குப் பிறகும் இலக்கங்களைச் சரிபார்க்கும் வேலையும் உண்டு. செயலியின் வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸ், ஒரு ஃபிரேமுக்குள் ஏறக்குறைய 29,780 துடிப்புகள்தான் கிடைக்கும். ஃபிரேம் முடிந்ததும் படச் சில்லு செயலிக்கு ஒரு குறுக்கீட்டுச் சமிக்ஞை அனுப்பும்; கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு அதைக் கவனித்தாக வேண்டும். சாதாரண லெவல்களில் அதற்குள் எல்லா வேலையும் முடிந்து செயலி சும்மா காத்திருக்கும். 155-ஐ ஒட்டி, கூட்டல் நீண்டு, சில வேளைகளில் வேலை முடியுமுன் சமிக்ஞை வந்துவிடுகிறது. அடுத்து எந்தப் பகுதிக்குத் தாவ வேண்டும் என்ற முகவரியைச் செயலி எடுத்துக்கொண்டிருக்கும் தருணத்தில் குறுக்கீடு நேர்ந்தால், அதே நினைவிடத்தைக் குறுக்கீட்டு வேலையும் பயன்படுத்துவதால் முகவரி மாறிப்போகும். திரும்பி வரும் செயலி ஏதோ ஓர் இடத்துக்குத் தாவி, பொருளற்ற பைட்டுகளைக் கட்டளைகளாக எடுத்துக்கொண்டு முடங்கிவிடும். கிரெக் கேனன் எழுதிய ஸ்டாக்ராபிட் என்ற தானியங்கி நிரல் 2021-ல் மனிதர்கள் எட்டாத லெவல்களை எட்டியபோதே இப்படி ஓர் உறைவு இருப்பது தெரியவந்தது. அதன் பிறகு நிரலை வரிவரியாக ஆராய்ந்து, எந்த லெவலில் எத்தனை வரிசையை அழித்தால் உறையும் என்று ரசிகர்களே அட்டவணை போட்டுவிட்டார்கள்.

கிப்சன் அந்த அட்டவணையை அறிந்தே ஆடினார். 155-ஆம் லெவலில் கிடைத்த முதல் வாய்ப்பு நழுவியது, 157-ல் ஒற்றை வரிசை அழிந்ததும் உறைந்தது. அப்போது அவர் ஆடத் தொடங்கி 40 நிமிடம்கூட ஆகவில்லை. செய்தி உலகெங்கும் பரவியது. பிரிட்டனின் தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பாளர் ஒருவர், பையன் வெளியே போய்க் கொஞ்சம் காற்று வாங்கட்டும் என்று அறிவுரை சொன்னார். சதுரங்க மேசையில் அதே வயதுப் பிள்ளை சாதித்திருந்தால் இந்த அறிவுரை வந்திருக்காது. நொடிக்கு நொடி முடிவு எடுத்து அரைமணி நேரத்துக்கு மேல் பிசகாமல் ஆடுவதில் இருக்கும் உழைப்பை, அது வீடியோ கேம் என்ற ஒரே காரணத்துக்காகக் காணாமல் விடும் பழக்கம் இன்னும் போகவில்லை.

உறைவையும் தாண்ட ஒரு வழி உண்டு: உறையும் பிழையை நீக்கித் திருத்திய பதிப்பு. அதில் 2024 அக்டோபரில் மைக்கேல் ஆர்டியாகா 255-ஆம் லெவலையும் கடந்தார். எட்டு பிட்டில் 255-க்கு மேல் எண் கிடையாது. ஆகவே அடுத்த லெவல் பூஜ்யம். வழியில் 235-ஆம் லெவலில் வேறொரு கணக்குப் பிழையால் பத்து வரிசைக்குப் பதில் 810 வரிசைகளை அழித்தால்தான் லெவல் மாறும். அதையும் பொறுமையாக ஆடித் தீர்த்தார். திருத்திய பதிப்பில் நடந்தது சாதனையா என்ற வாதம் ரசிகர்களிடையே உண்டு. பிழையை நீக்கியதால் அவருக்கு எதுவும் எளிதாகிவிடவில்லை. ஆடவேண்டிய தூரம்தான் கூடியது. ஆகவே அந்த வாதத்தில் பெரிய சாரமில்லை.

போட்டி அமைப்பாளர்களின் கவலை வேறு. இருவர் மோதும் ஆட்டத்தில் இருவருமே சோர்வில்லாமல் நூறு லெவல் தாண்டினால் பார்ப்பவர்களுக்கு அலுத்துவிடும். துணிந்து ஆடுபவருக்கு இருந்த அனுகூலமும் போய், பாதுகாப்பாக ஆடி எதிராளி களைக்கும்வரை காத்திருப்பவரே வெல்வார். எனவே பழைய பிக்சர் டியூப் டிவிகளையும் பழைய பெட்டிகளையும் இன்னும் விடாமல் வைத்திருக்கும் உலகச் சாம்பியன்ஷிப்பே ஆட்டத்தின் நிரலில் கைவைத்தது. அங்கே 39-ஆம் லெவலிலிருந்து கட்டை ஒரு ஃபிரேமுக்கு இரண்டு வரிசை வீதம் விழும். தரையைத் தொட ஆறில் ஒரு விநாடி. ரோலிங் செய்யும் விரல்களுக்கும் அந்த வேகம் கட்டுப்படுவதில்லை. பெரும்பாலான ஆட்டங்கள் அங்கே சில கட்டைகளிலேயே முடிந்துவிடுகின்றன. வரிசைக் கணக்கு மறுபடி பொருள் பெற்றது, நீளக் கட்டைக்காகக் காத்திருக்கும் துணிச்சலுக்கு மறுபடி விலை கிடைத்தது.